இருபதாவது நிமிஷம்

நாகையா கண்ணாடிக் குவளையை மூன்றாம் தடவையாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். பெட்ரோல் தெளிவாக இருந்தது. தண்ணீர் கலந்திருந்தால் அது குவளையின் அடியில் தனியாக உருண்டு நிற்கும். ஆட்டினால் பாதரசம் மாதிரி ஓடும். எதுவும் ஓடவில்லை.

"பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கலாங்க, துரை" என்று நேற்று சாயங்காலம் சொன்னவன் அவன்தான்.

துரை, மலாயாவில் காப்பார் சாலையில் இருந்த ரப்பர் தோட்டத்துக்கு வெள்ளைக்கார மானேஜர். ஞாயிற்றுக்கிழமையானால் தூண்டிலும் கூடையும் விருந்தாளிகளுமாகக் கிள்ளான் ஆற்றில் இறங்கிக் கடல்வாய் வரை போய்வருவதற்கென்றே ஒரு வெள்ளை லாஞ்சு வைத்திருந்தார். அதை ஓட்டுவது, கழுவுவது, பெட்ரோல் ஊற்றுவது எல்லாம் வாசுவின் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை எஞ்சினைப் பிரித்துச் சுத்தம் பண்ணிப் பூட்டித் தருவது, கிள்ளான் ஆற்றங்கரையில் இருந்த சீன முதலாளியான தவுக்கேயின் பட்டறை. இந்த வருஷம் அந்த வேலையை முதன்முதலாகத் தனியாளாகச் செய்தவன் நாகையா. வயது இருபத்திரண்டு. பிளக்குகளைத் தேய்த்தான், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான், எண்ணெய் மாற்றினான், டாங்கியைக் காலிபண்ணித் துடைத்தான். வெள்ளிக்கிழமை முடித்து ஓட்டிப் பார்த்தபோது எஞ்சின் தையல் மிஷின் மாதிரி ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை துரையையும் துரைசானியையும் நாலு விருந்தாளிகளையும் ஏற்றிக்கொண்டு போன லாஞ்சு, இருபது நிமிஷம் ஓடி, இருமி, நின்றுவிட்டது. வாசு எஞ்சினை மறுபடி சுற்றிவிட்டான். மறுபடி ஓடியது. மறுபடி நின்றது. கடைசியில் கடலுக்கு வடியும் வற்றுநீர் இழுத்துக்கொண்டு போய் ஒரு சரக்குக் கப்பலின் வாலருகே தள்ளியது. துரைசானி அலறியிருக்கிறாள். சீன மீன்காரன் ஒருவன் கயிறு கட்டி இழுத்துவந்து கரை சேர்த்தான். கருவாட்டு நாற்றம் பிடித்த படகு முன்னால் போக, வெள்ளை லாஞ்சு பின்னால் வந்ததைக் கரை முழுக்க நின்று பார்த்தது.

இறங்கியதும் துரை கேட்டது ஒரே கேள்வி. அவர் பேசும் தமிழ் தோட்டத்தில் கற்ற தமிழ். அதட்டல் மட்டும்தான் அதில் சுத்தமாக வரும்.

"யார் கை இது? சொல். அந்தக் கை கப்பலுக்குப் போகும்."

அந்த வருஷம் இந்தச் சொல்லுக்கு விளக்கம் வேண்டியதில்லை. ரப்பர் விலை விழுந்து கிடந்தது. பாதித் தோட்டங்களில் பால்வெட்டு நின்றிருந்தது. வேலை போனவன் வேறு வேலை தேட முடியாது. தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி அவன் பெயரை எழுதி லேபர் ஆபீசுக்கு அனுப்புவார். அடுத்த கப்பலில் இலவசமாக ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். அடுத்த கப்பல் வியாழக்கிழமை.

துரையின் கண் நாகையாவின் மேல் நின்றது. எஞ்சினைப் பிரித்தவன் அவன்தான். தலைக்குள் ஒன்றுமில்லாமல் போன அந்த நொடியில்தான் தண்ணீர் என்று சொன்னான். சில இடங்களில் பெட்ரோலைத் திருடி விற்றுவிட்டுத் தண்ணீர் கலக்கிறார்கள் என்று பேச்சிருந்தது. வாசுவைக் குற்றம் சொல்லும் எண்ணத்தில் அதைச் சொல்லவில்லை. ஆனால் பெட்ரோல் ஊற்றியவன் வாசு. அவன் கயிற்றைக் கையில் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றிருந்தான். நாகையாவை ஒருமுறை பார்த்தான்.

வாசுவும் அவனும் நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரே கப்பலில் வந்தவர்கள். நாகப்பட்டினத்தில் ஏறிய மறுநாளே நாகையா வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்தான். ஐந்து நாள் தன் கஞ்சியில் பாதியை ஊட்டிவிட்டவன் வாசு. கரையேறிய பிறகும் நாகையாவுக்கு அவன் அண்ணன், சீதாலெட்சுமி அண்ணி.

திங்கட்கிழமை காலையில் வாசுவின் பெயரைக் கப்பலுக்கு எழுதிவிட்டு, துரை ஆள்விட்டுச் சொல்லியிருந்தார். தண்ணீர் இல்லையென்றால் வேறு என்ன என்று புதன்கிழமைக்குள் வந்து சொல்ல வேண்டும். சொன்னால் வாசுவின் பெயரை எடுப்பார். இல்லையென்றால் எழுதியது எழுதியதுதான்.

குவளையில் தண்ணீர் இல்லை.

"என்னடா, குழந்தைக்கு மருந்து அளக்கிற மாதிரி அளந்துக்கிட்டே இருக்க?" பட்டறையின் பெரிய பிட்டர் ஜெயராஜ் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு வந்து நின்றார். "இருக்கா இல்லையா?"

"இல்லண்ணே. சுத்தமா இருக்கு."

"அப்ப நேத்து ஏன் அப்படிச் சொன்ன?"

நாகையா குவளையிலிருந்த பெட்ரோலைத் தகரத்தில் ஊற்றினான்.

"சரி, சுத்து. பாத்துடுவோம்."

லாஞ்சைத் துறையில் கட்டியபடியே எஞ்சினைச் சுற்றிவிட்டார்கள். உடனே பிடித்தது. நாகையா முன்பக்கத்து அலமாரியைத் திறந்து, டாங்கியின் பித்தளை மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, குச்சியை உள்ளே விட்டு விட்டு அளவு பார்த்துக்கொண்டே இருந்தான். இரண்டு மணி நேரம் ஓடியது. ஒரு இருமல் இல்லை.

"எஞ்சினுக்கு ஒரு நோவும் இல்ல" என்றார் ஜெயராஜ். "துரைசானியப் பாத்து மயங்கி நின்னுருக்கும்."

மத்தியானம் சீதாலெட்சுமி வந்தாள். எட்டு மாத வயிற்றைச் சுமந்துகொண்டு தோட்டத்திலிருந்து வெயிலில் நடந்தே வந்திருந்தாள். பட்டறை வாசலில் இருந்த இரும்புச் சாமான்களில் கால் படாமல் ஓரமாக நின்றாள்.

"தம்பி, அவரத் துறைமுகத்துக் கொட்டகைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. வியாழக்கிழமை ஏத்துறாங்களாம். என்னைய இந்த வயித்தோட ஏத்த மாட்டாங்களாம். பெத்துட்டு அப்புறம் வான்னு கிராணி சொல்றாரு. அப்புறம்னா எப்ப?"

"உக்காருங்க அண்ணி."

"உக்கார வரல. அவரு தண்ணி கலக்குற ஆளா? நீ சொல்லு. வடிகட்டாம ஒரு சொட்டு ஊத்த மாட்டாரு. எந்தப் பாவி துரைகிட்ட இப்படிச் சொன்னானோ."

வாசு அவளிடம் சொல்லவில்லை என்பது நாகையாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்தான். சுத்தமாக இருந்ததை மறுபடி துடைத்தான்.

"நீ கண்டுபிடிச்சுடுவேல்ல?" என்றாள்.

"கண்டுபிடிச்சுடுவேன் அண்ணி."

செவ்வாய்க்கிழமை ஜெயராஜும் அவனும் லாஞ்சை ஆற்றுக்குள் கொண்டுபோனார்கள். நாகையா தவுக்கேயின் மேசைக் கடிகாரத்தை இரவல் வாங்கித் தன் காலருகே வைத்துக்கொண்டான். கரையோரத்து நிப்பாப் பனைப் புதர்கள் பின்னால் போயின. எஞ்சின் ஒழுங்காக ஓடியது. பத்து நிமிஷம். பதினைந்து. ஜெயராஜ் ஏதோ பாட்டை முனகத் தொடங்கினார். இருபதாவது நிமிஷம் எஞ்சின் ஒருமுறை விக்கியது, இருமியது, நின்றது. தண்ணீர் படகின் வயிற்றில் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"பிளக்கக் கழட்டு" என்றார் ஜெயராஜ்.

கழற்றிச் சுற்றினான். நெருப்புப் பொறி நீலமாகத் தெறித்தது. பொறி தரும் மேக்னட்டோவில் குற்றமில்லை. கார்புரேட்டரின் கிண்ணத்தைத் திறந்தால் அடியில் ஈரம் மட்டும் இருந்தது.

"பெட்ரோல் வரல. பைப்பு அடைச்சிருக்கு. ஊதணும், கழட்டு."

கார்புரேட்டருக்கு வரும் பைப்பைக் கழற்றினான். ஒரு சொட்டு வந்து நின்றது. பிறகு 'களக், களக்' என்று உள்ளே எங்கோ குமிழி ஏறும் சத்தம் கேட்டது. அதன்பின் பெட்ரோல் தாராளமாகக் கொட்டி அவன் கையை நனைத்தது. ஊத வேண்டிய வேலையே இல்லை.

"பைப்புல காத்து அடைச்சிருந்துருக்கு. போயிடுச்சு, பூட்டு" என்றார்.

பூட்டினான். ஓடியது. மறுபடி இருபது நிமிஷத்தில் நின்றது.

இந்தத் தடவை ஜெயராஜ் பாடவில்லை. இரண்டு பேரும் டாங்கியின் பெட்ரோல் முழுவதையும் தகரங்களில் இறக்கி, மான்தோலில் வடிகட்டி, மறுபடி ஊற்றினார்கள். தோலில் ஒன்றும் தங்கவில்லை. மூடியைத் திருகும்போது நாகையா அதன் நடுவில் இருந்த பொட்டை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அது அவன் வைத்த பொட்டு. பட்டறையில் எந்த எஞ்சின் வேலை முடிந்தாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் வெளியே விடுவதில்லை. துரையின் லாஞ்சுக்கு மட்டும் அது கிடையாது. போன வருஷம் வாசு சுக்கான் சக்கரத்தில் வைத்த மஞ்சள் கறை வெள்ளை வர்ணத்தில் ஏறிவிட்டது. "இது லாஞ்சு. கோயில் இல்லை" என்று துரை கத்தி, வாசுவை மணல் போட்டுத் தேய்க்க வைத்தார். இனி எவனாவது பூசினால் வேலை இல்லை என்றும் சொல்லியிருந்தார். ஆனால் தன் கையால் தனியாகச் செய்த முதல் எஞ்சினைப் பொட்டில்லாமல் அனுப்ப நாகையாவுக்கு மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஓட்டிப் பார்த்து முடித்த பிறகு, எல்லோரும் போனதும், துரை கண் ஒருநாளும் படாத இடமாகத் தேடினான். அலமாரிக்குள் இருந்த டாங்கி மூடி வட்டமாக, பளபளவென்று இருந்தது. நடுவில் ஒரு சின்னப் புள்ளிகூட இருந்தது, இங்கே வை என்கிற மாதிரி. கடைச் சந்தனப் பொடியைக் கெட்டியாகக் குழைத்து அழுத்தி வைத்து, மேலே குங்குமம் இட்டு, கும்பிட்டுவிட்டு அலமாரியைச் சாத்தினான்.

மூன்றாவது தடவையும் லாஞ்சு நின்றபோது சாயங்காலமாகிவிட்டது. துடுப்புப் போட்டுத்தான் கரைக்கு வந்தார்கள்.

"எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்டா" என்று ஜெயராஜ் கையைத் துடைத்தார். "நாளைக்கு வேற வேலை கெடக்கு. நீ ஒண்ணு பண்ணு. பெட்ரோல்தான் கோளாறுன்னு சொல்லிட்டுப் போ. ஏற்கனவே ஒருத்தன் பேரு எழுதியாச்சு. இன்னொரு பேரு எதுக்கு?"

"வாசு அண்ணனுக்குப் பொண்டாட்டி எட்டு மாசம்ணே."

"உனக்குக் கழுத்து இருக்குல்ல, அதப் பாரு."

புதன்கிழமை விடிந்ததும் நாகையா தனியாக லாஞ்சை எடுத்தான். கடிகாரம் காலருகே இருந்தது. வாசுவை மாட்டிவிட்டது தன் வாய்தான்; அதனாலேயே இன்றைக்கு நின்றால் நின்ற நொடியில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தான். முந்தின நாள் பிளக், மேக்னட்டோ, பைப் என்று வரிசையாகக் கழற்றிவிட்டுக் கடைசியில்தான் டாங்கிக்கு வந்தார்கள். இன்றைக்கு முதலில் டாங்கி.

பத்தொன்பதாவது நிமிஷமே அலமாரியைத் திறந்து மூடியில் கைவைத்துக் காத்திருந்தான். எஞ்சின் விக்கியது. அவன் மூடியைத் திருகினான். வரவில்லை. யாரோ உள்ளேயிருந்து பிடித்து இழுப்பது மாதிரி இருந்தது. துணியைச் சுற்றி, பல்லைக் கடித்துத் திருகினான்.

'உஸ்ஸ்' என்று டாங்கி மூச்சை இழுத்தது.

நின்றுபோக இருந்த எஞ்சின் இரண்டுமுறை தடுமாறி, சமாளித்து, தொடர்ந்து ஓடியது.

நாகையா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பெட்ரோல் இறங்க இறங்க, இறங்கிய இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் பெட்ரோல் இறங்காது. நிறைந்த புட்டியைக் கவிழ்த்தால் சொட்டி நிற்பது போலத்தான். மூடியைத் திறந்தபோதெல்லாம், பைப்பைக் கழற்றியபோதெல்லாம் காற்று புகுந்தது, அதனால்தான் ஓடியது. அப்படியானால் மூடியிருக்கும்போது காற்று வருவதற்கு ஒரு வழி இருந்தாக வேண்டும். இவ்வளவு நாளும் இருந்திருக்கிறது.

மூடியைத் தூக்கிச் சூரியனுக்கு நேராகப் பிடித்தான். உள்பக்கம் நடுவில் ஊசிமுனை அளவில் ஒரு துளை தெரிந்தது. அதில் வெளிச்சம் வரவில்லை. திருப்பினான். துளைக்கு நேர் மேலே, காய்ந்து கல்லாகிப்போன சந்தனத்தின் மேல், குங்குமம் சிவப்பாக இருந்தது.

படகின் பலகையில் உட்கார்ந்துவிட்டான். எஞ்சின் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நாளாக ஒவ்வொரு தடவையும் அதைத்தான் தொட்டுக் கண்ணில் ஒற்றியிருக்கிறான்.

பிறகு சட்டையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்துக் குத்தினான். சந்தனம் பொடிந்து உதிர்ந்தது. மூடியை மறுபடி தூக்கினான். நடுவில் ஒரு பொட்டு வெளிச்சம் வந்தது. பூட்டினான். கடல்வாய் வரை போய்த் திரும்பினான். இரண்டு மணி நேரம். எஞ்சின் ஒருமுறைகூட நிற்கவில்லை.

துரையின் பங்களாவுக்குத் தோட்டத்து மண்பாதையில் நடந்தபோது சொல்ல வேண்டியதை நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான். 'நான்தான் பொட்டு வெச்சேன், துரை. வாசு மேல குத்தம் இல்ல.' சின்னப் பேச்சுதான். அதற்குப் பிறகு என்ன என்பதுதான் பெரியதாக இருந்தது. வாசு இறங்குவான், தான் ஏறுவான். ஊரில் அக்காவைக் கட்டிக்கொடுத்த வீடு ஒன்றுதான் மிச்சம். அதுவும் வருஷத்தில் பாதிநாள் பட்டினி.

துரை வராந்தாவில் தூண்டில் கம்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன? கிடைத்துச்சா?"

"கெடைச்சிருச்சுங்க, துரை. இப்ப நல்லா ஓடுது. ரெண்டு மணி நேரம் ஓட்டிப் பாத்துட்டேன்."

"குட். என்ன கோளாறு?"

துரை தலையைத் தூக்கி அவனைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை பார்த்த அதே பார்வை. நாலைந்து தடவை சொல்லிப் பார்த்த பேச்சு எங்கோ போய்விட்டது. இரண்டு பேருக்கும் கெடுதல் வராத ஒரு சொல் வேண்டும் என்று மனம் பறந்தது. அகப்பட்டது.

"தூசிங்க. டாங்கியில கொஞ்சம் தூசி அடைச்சிருந்துச்சு. தானா சேர்ந்த தூசிதான்."

"தூசி." துரை தூண்டிலைக் கீழே வைத்தார். "டாங்கியை நீ சுத்தம் பண்ணினது எப்போ?"

"வெள்ளிக்கிழமைங்க."

"சனிக்கிழமை பெட்ரோல் ஊற்றினது யார்?"

நாகையாவுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தபோது தாமதமாகிவிட்டது.

"சொல். யார்?"

"வாசுங்க. ஆனா அது அவரு…"

"நான் சொன்னேன். தண்ணி இல்லன்னா தூசி. எல்லாம் ஒரே பெட்ரோல்தான்." துரைக்குத் திருப்தியாக இருந்தது. "நீ நல்ல பிட்டர். உண்மை சொன்னான். ஞாயிற்றுக்கிழமை லாஞ்சை இனிமேல் நீ ஓட்டு. தவுக்கேகிட்ட நான் பேசுறேன். போ."

அவன் நின்றான். வாயைத் திறந்தான். துரை மறுபடி தூண்டிலை எடுத்து, "போ, போ" என்றார்.

படியில் இறங்கும்போது, திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். பங்களாத் தோட்டத்தின் கேட்டில் நினைத்தான். சாலை வளைவில் நினைத்தான். பட்டறைக்கு வந்து சேர்ந்தபோதும் நினைத்துக்கொண்டுதான் இருந்தான்.

வியாழக்கிழமை காலை ரயிலில் துறைமுகத்துக்குப் போனான். கொட்டகைக்கு வெளியே தகரப் பெட்டிகளும் கம்பளி மூட்டைகளுமாக நீண்ட வரிசை நின்றது. குழந்தைகள் அழுதன. லேபர் ஆபீசின் வெள்ளைக்காரர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் ஒருவர் பெயர் வாசித்துக்கொண்டிருந்தார். வாசு தோளில் பெட்டியோடு வரிசையின் நடுவில் நின்றான். வரும்போது கொண்டுவந்த அதே பெட்டிதான்.

"வந்துட்டியா?" என்றான். "தூசியாமே. கிராணி சொல்லிட்டுப் போனாரு."

"தூசி இல்லண்ணே."

"பின்ன?"

நாகையா சொன்னான். மூடி, துளை, பொட்டு, ஊக்கு எல்லாவற்றையும் சொன்னான். துரையிடம் என்ன சொன்னான் என்பதையும் சொன்னான். வரிசை இரண்டடி நகர்ந்தது. வாசுவும் நகர்ந்தான்.

"அந்தப் பொட்டா?" என்றான் வாசு மெதுவாக. "சனிக்கிழமை ஊத்துறப்பப் பாத்தேன்டா. துரைக்குத் தெரியாம நம்ம பய வெச்சிருக்கானேன்னு சிரிப்பு வந்துச்சு. நீ வெச்சதாச்சே, பெட்ரோல் பட்டு அழிஞ்சுடக் கூடாதுன்னு மூடியத் துணியில சுத்தி வெச்சுட்டு ஊத்துனேன்."

வரிசை மறுபடி நகர, நாகையாவும் கூடவே நகர்ந்தான்.

"நேத்து துரை முன்னால நின்னியே. ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சுண்ணே."

வாசுவின் வலது கை உயர்ந்தது. நாகையா கண்ணை மூடிக்கொண்டான். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது வாசு பெட்டியை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டிருந்தான்.

"இப்பப் போய்ச் சொல்லிடறேன். அந்த வெள்ளைக்காரர்கிட்ட சொல்றேன். நான் ஏறிக்கிறேன், நீங்க எறங்கிடுங்க."

அவன் நகர்ந்தபோது வாசு மணிக்கட்டைப் பிடித்தான். பிடி வலித்தது.

"சொன்னா என்னைய எறக்கிடுவானா? என் வேலையத்தான் உனக்குக் கொடுத்தாச்சே. அவனுக்கு நீயும் ஒண்ணு, நானும் ஒண்ணு. உன் பேரையும் எழுதிக்கிட்டு ரெண்டு பேரையும் ஏத்துவான். அப்புறம் சீதாவுக்கு இந்த ஊர்ல யாரு இருக்கா?"

நாகையா அழுதான்.

"அழுவாத. நான் சொல்றதக் கேளு. வாரத்துக்கு ஒருக்கா அவளுக்கு அரிசி வாங்கிக் குடு. வலி எடுத்தா ஆஸ்பத்திரிக்கு வண்டி புடி. புள்ளையோட கப்பல் ஏத்திவிடு. இதெல்லாம் நீதான் செய்யணும். அவகிட்ட எதுவும் சொல்லிடாத. தெரிஞ்சா உன் கையால பச்சத்தண்ணி வாங்க மாட்டா. வாங்கியாகணும். புரியுதா?"

"புரியுதுண்ணே."

"அண்ணேன்னு கூப்புடாத."

பெயர் வாசித்தவர் வாசுவின் பெயரைச் சொன்னார். வாசு போனான். ஏணிப்படியில் ஏறும்போது திரும்பிப் பார்ப்பான் என்று நாகையா கடைசிவரை நின்றான். பார்க்கவில்லை.

சனிக்கிழமை அரிசி மூட்டையோடு தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டுக்குப் போனான். சீதாலெட்சுமி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். முகம் வீங்கியிருந்தது. அரிசியை அவன் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்தாள்.

"கப்பல்ல ஏறுறப்ப என்ன சொன்னாரு?"

"உங்களைப் பாத்துக்கச் சொன்னாரு அண்ணி."

"அழுதாரா?"

"இல்ல."

"நீ அழுதிருப்ப. உன் மூஞ்சி சொல்லுது." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்த டாங்கியில என்னதான் தம்பி இருந்துச்சு?"

"தூசி அண்ணி."

"அவரு வடிகட்டித்தானே ஊத்துவாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு மாடத்திலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வந்தாள். "இனிமே நீதான் லாஞ்சு எடுக்கப் போறியாமே. இந்தா, அம்மன் கோயில் குங்குமம். துரை கத்துவாருன்னு இவரு ஒரு வருஷமா லாஞ்சுக்குப் பொட்டே வெக்கல. அதான் இப்படி வந்து முடிஞ்சுச்சு. நீயாவது துரை கண்ணுல படாத எடமாப் பாத்து வெச்சுடு."

நாகையா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"வெப்பியா?"

"வெக்கிறேன் அண்ணி."

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு லாஞ்சு துறையை விட்டுக் கிளம்பியது. துரையும் துரைசானியும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். துரைசானிக்கு முதலில் பயமாகத்தான் இருந்தது; துரை ஏதோ சொல்லிச் சிரித்ததும் தெளிந்தாள். நாகையா சுக்கானைப் பிடித்தபடி நின்றான். பொட்டலம் சட்டைப்பையில், பிரிக்காமல் இருந்தது. கடிகாரம் காலருகே இருந்தது.

துறைமுகம் வந்தது. வியாழக்கிழமை கப்பல் நின்ற இடத்தில் வெறும் தண்ணீர் எண்ணெய் மினுக்கத்தோடு ஆடியது. அவன் பார்வை கடிகாரத்தை விட்டு நகரவில்லை. பதினெட்டு. பத்தொன்பது. நின்றுவிட வேண்டும், ஒருமுறை நின்றுவிட்டால் போதும், அந்தப் பொட்டு காரணம் இல்லை என்று ஆகிவிடும் என்று அவனுக்கு இருந்தது.

இருபதாவது நிமிஷம் வந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.